அடுப்புக்கு முதலில் இடம் குறியுங்கள்

(எமது சங்கத்தின் மாதர் குழுவினர் குடும்பங்களோடு அக்கரைப்பற்றுக்குச் சென்றிருந்தபோது, அவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. புதிய வீடுகளுக்காகக் காத்திருக்கும் அங்கத்தவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)

 

இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, காலையில் கடலைப் பார்த்து, இப்போதுதான் பகல் சாப்பாடும் முடித்திருக்கிறீர்கள். நித்திரை வரும் நேரம். ஆனபடியால் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டா, "நாநா, வீட்டுக்குள்ள இவ்வளவு அழகான குசினி இருக்க, ஏன் பின்னால கிடுகுக் கொட்டில்ல சமைக்கிறாங்க?" என்று. நான் இன்றைக்குக் கதைக்க நினைத்த விஷயமே அதுதான்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எங்களுக்கு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் தெருத் தெருவாக அழிந்தது. அதற்குப் பிறகு வீடு கட்ட எத்தனையோ நாட்டார் வந்தார்கள். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். எங்கே கட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்பதில் வருடக் கணக்கில் இழுபறி. எங்கள் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டி முடிந்தும், வழக்காகி, ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. அந்தக் கதை நீளம், அதை விடுவோம்.

ஆட்கள் குடியேறிய வீடுகளை நான் கடமை நிமித்தம் பார்த்துத் திரிந்தேன். சுவர் நன்றாக இருந்தது, கூரை நன்றாக இருந்தது. குசினி என்று ஒரு சின்ன அறை, அதில் ஒரு சீமெந்து மேடை, ஒரு ஜன்னல். புகைக்கூடு பல வீடுகளில் இல்லை. வரைந்தவர் காஸ் அடுப்பை மனதில் வைத்து வரைந்திருக்கிறார். வந்த சனம் விறகு எரிக்கிற சனம். முதல் கிழமை உள்ளே எரித்தார்கள், புதுச் சுவர் கறுத்தது, கண் எரிந்தது. இரண்டாம் மாதம் ஆளுக்கு ஆள் பின்வளவில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டார்கள். உள்ளே இருக்கிற குசினி பீங்கான் அடுக்குகிற இடமானது. நீங்கள் இன்றைக்குச் சாப்பிட்ட சோறும் அப்படியொரு கொட்டிலில் ஆக்கியதுதான். கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. கேட்காமல் கட்டியதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உங்களுக்குப் புதினமாக இருக்கும். இங்கே மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் தகப்பன் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. அப்படியிருந்தும் அடுப்பு எந்த மூலையில் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. வாப்பாவும் மேசன் பாஸும் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்தபடி முடிவு செய்துவிடுவார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான்.

என் சொந்த வீட்டின் படத்தை நானே வரைந்தேன். படித்த ஆள் அல்லவா! அடுப்பை ஒரு சுவரில் வைத்தேன், தண்ணீர் கொட்டுகிற தொட்டியை எதிர்ச் சுவரில் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் மண்டபத்திலிருந்து வருகிற கதவு. படத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது. மனைவி சோறு வடிப்பதென்றால் கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைக் கடக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம் என்றாலும் வருடத்துக்கு ஆயிரம் தரம் கடக்கிறா. அதில் ஒரு தரம் எங்கள் மகள், நாலு வயது, "உம்மா" என்று ஓடி வந்தா. கஞ்சித் தண்ணீர் தோளிலும் கையிலும் ஊற்றியது.

நான் செய்த இரண்டாவது பிழையையும் சொல்கிறேன். பற்பசை பூசினேன். பக்கத்து வீட்டார் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தார்கள், அதையும் பூசினேன். வைத்தியசாலையில் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுட்ட இடத்தில் உடனே சாதாரண குளிர் தண்ணீரை ஓடவிட வேண்டும், இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டாம். காப்பு, மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். சுத்தமான துணியால் மெல்ல மூடி, 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் மலையில் அது வந்து சேர நேரம் எடுக்கும், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஓடுகிற தண்ணீர்தான் மருந்து.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து, முன்பு சொன்ன 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் என்று அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. உங்களில் சிலருக்குக் கிடைத்துவிட்டது, பலர் இன்னும் காத்திருக்கிறீர்கள். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக மிச்சம் 1,350. லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் இஸ்தோப்பும் என்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருந்த உங்களுக்கு இது பெரிய இடம். படத்தில் குசினி சின்னதாக இருந்தாலும் வெளியே இடம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் கேட்பது ஒன்றுதான். அத்திவாரம் வெட்ட முதல் அடுப்புக்கு இடம் குறியுங்கள், சமைக்கிற ஆள் குறிக்க வேண்டும். தரையில் போட்ட கோட்டை மாற்றச் சல்லி செலவில்லை. சுவர் எழும்பிய பிறகு மாற்றுவதென்றால் கூலி, சீமெந்து, சண்டை எல்லாம் உண்டு.

குறிப்பது எப்படி? ஒரு வாளி சாம்பல் எடுங்கள். படத்தில் குசினி எவ்வளவோ அந்த அளவை நிலத்தில் கோடாகப் போடுங்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே என்று குறியுங்கள். பிறகு வீட்டுப் பெண் வெறும் பானை, கேத்தல், ரொட்டிக் கல் எல்லாம் எடுத்துக்கொண்டு அதற்குள் நின்று ஒரு விடியற்காலை வேலையைச் செய்து காட்டட்டும். பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் செய்வது போலவே. மா பிசைகிறா, ரொட்டி சுடுகிறா, தேத்தண்ணி ஊற்றுகிறா, சோறு வடிக்கிறா, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுகிறா. வீட்டு ஆம்பிளையும் பிள்ளைகளும் வழக்கம் போல் குறுக்கே போய் வரட்டும். எங்கே முட்டுகிறார்கள் என்று பாருங்கள். கொதிக்கிற பானை போகிற வழியும் ஆள் நடக்கிற வழியும் வெட்டுகிற இடத்தில் சாம்பல் அழிந்திருக்கும். அங்கேதான் என் மகளுக்குச் சுட்டது.

ஆகவே அடுப்பும் தண்ணீரும் ஒரே சுவரில், அல்லது அடுத்தடுத்த சுவரில் மூலைபோல வரட்டும். நடுவில் கதவு வரக் கூடாது. ஆனால் ஒட்டியும் வரக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இரண்டு அடியாவது வெறும் மேடை வேண்டும், சூடான பானையை இறக்கி வைக்க. அடுப்பின் மறுபக்கத்திலும் ஓர் அடி விடுங்கள். பானையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்க்கிற நிலைமை வரவே கூடாது.

இந்த மாதிரி நடந்து அளந்து பார்ப்பது நான் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மனியில் பிராங்க்பேர்ட் நகரத்தில் 1926ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புகள் கட்டினார்கள். அதற்குக் குசினி வரைந்தவர் மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற ஒரு பெண். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இருக்குமே, அந்தச் சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, பெண்கள் எத்தனை எட்டு வைக்கிறார்கள், எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்கெடுத்து வரைந்தார். ஆறடி சொச்சம் அகலம், பதினோரு அடி நீளம், அவ்வளவுதான். அப்படிப் பத்தாயிரம் குசினிகள் அளவில் கட்டினார்கள். வேலைக்குப் போய் வருகிற பெண் குசினியில் சாகக் கூடாது என்பது அவருடைய நினைப்பு. பிற்காலத்தில் ஹிட்லருக்கு எதிராக வேலை செய்து சிறைக்கும் போன ஆள். ஆனால் அந்தக் குசினியில் ஒரு குறை சொன்னார்கள்: ஒரு ஆள்தான் நிற்கலாம். பிள்ளை எங்கே விளையாடுகிறது என்று தெரியாது, புருஷன் உதவிக்கு வந்தாலும் இடமில்லை. வராமல் இருக்க அவருக்கு நல்ல சாட்டு!

உங்கள் ஊரில் அது சரிவராது. இங்கே நாங்கள் வெயிலுக்குப் பயந்து அடுப்பை வெளியே தள்ளுகிறோம். நீங்கள் குளிருக்கு அடுப்பைச் சுற்றிக் குந்துகிறவர்கள். மழை நாளில் குடும்பமே குசினியில்தான். பிள்ளைகளை உள்ளே வராதே என்றால் கேட்குமா? வருவார்கள் என்று வைத்தே இடம் ஒதுக்குங்கள். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, அடுப்பைப் பார்த்தபடி, சுவரோடு ஒரு பலகை வாங்கு போடுங்கள். அடுப்பின் திறந்த பக்கத்தில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு அரைச் சுவர் எழுப்பினால் தவழ்கிற பிள்ளை நெருங்காது, தாய்க்கும் பிள்ளையின் தலை தெரியும்.

மேடையின் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேசன்மார் எல்லோருக்கும் ஒரே அளவு, மூன்றடி. ஏன் என்றால் அப்படித்தான். கொழுந்துக் கூடை தூக்கித் தூக்கி உங்களுக்குக் கழுத்தும் தோளும் ஏற்கெனவே வலி. மூன்றடி மேடையில் அடுப்பை வைத்து, அதன்மேல் பானையை வைத்தால், அகப்பையைப் பிடித்த கை தோளுக்கு மேலே போகும். பானைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். பானை சரிந்தால் நெஞ்சில் ஊற்றும்.

அளவெடுக்க வழி இருக்கிறது. சமைக்கிற பெண் நிமிர்ந்து நின்று முழங்கையை மடிக்கட்டும். தரையிலிருந்து முழங்கை 38 அங்குலம் என்று வையுங்கள். மரக்கறி வெட்டுகிற மேடை அதிலிருந்து நாலு அங்குலம் குறைய, 34. அடுப்புக்குக் கணக்கு வேறு: பானையின் வாய் முழங்கைக்கு மேலே வரக் கூடாது. காஸ் அடுப்பு ஆறு அங்குலம், பானை எட்டு, இரண்டும் பதினாலு. ஆகவே காஸ் அடுப்பு மேடை 24. விறகடுப்பும் அதன் பெரிய பானையும் சேர்ந்தால் 19 அங்குலம் வரும், அதற்கு மேடை 19. மேடை பதிந்தால் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் அரைச் சுவரைச் சொன்னேன். பிள்ளை வளர்ந்துவிடும், உங்கள் தோள்மூட்டுத் தேய்ந்தால் திரும்ப வராது.

புகைக்கு வருகிறேன். உலக சுகாதார அமைப்பு, வீட்டுக்குள் எரிக்கிற அடுப்புகளின் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறது. கண்ணெரிச்சலோடு முடிகிற விஷயமல்ல, நெஞ்சுக்கும் இருதயத்துக்கும் போகிறது. உங்களுக்குக் குளிர், ஆகவே ஜன்னலைப் பூட்டிவிட்டு எரிக்கிறீர்கள். ஜன்னலை மட்டும் நம்பாதீர்கள். அடுப்பு வெளிச்சுவரில் இருக்கட்டும், அதற்கு மேலே புகைக்கூடு, கூரைக்கு மேலே இரண்டு மூன்றடி எழும்ப வேண்டும். காற்று எந்தப் பக்கத்தால் தள்ளுகிறது என்று தோட்டத்தில் வயதானவர்களைக் கேளுங்கள். மே மாதத்திலிருந்து அடிக்கிற தென்மேல் காற்று ஒரு மலையில் ஒரு விதமாகத் திரும்பும், அடுத்த மலையில் வேறு விதம். கூட்டின் வாய் காற்றைப் பார்த்திருந்தால் புகை உள்ளுக்குத்தான் வரும். கூடு போகிற இடத்தில் கூரை மரத்தைத் தொட விடாதீர்கள். சீற் கூரையும் நெருப்புச் சூடு நேரே பட்டால் வெடிக்கும்.

விறகு ஈரம் என்றால் எந்தப் புகைக்கூடும் தாங்காது. கவ்வாத்து மிலாறோ டர்பன்டைன் விறகோ, கூரைத் தாழ்வாரத்தில் நிலத்திலிருந்து ஆறு அங்குலம் தூக்கி, காற்றுப் போக அடுக்குங்கள். உள்ளே ஒரு நாள் விறகு போதும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காய வைக்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து புது வீட்டுக்கு அதைக் கொண்டு போக வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்குள்ளால் ஓடி வரிசையையே எரிப்பதை நீங்கள்தான் கண்டவர்கள்.

கல் மூன்றை வைத்து எரிப்பதைவிட எங்கள் நாட்டிலேயே செய்கிற அனகி மண் அடுப்பு நல்லது. 1980களில் பரிசோதித்து உருவாக்கியது. ஒரு வாயில் விறகு, இரண்டு பானை. அதை வாங்கி அப்படியே வைக்காமல் சுற்றிவரக் களிமண் பூசிப் பதிக்க வேண்டும். அப்போதுதான் வெடிக்காது, சூடும் நிற்கும்.

காஸ் வந்துவிட்டது, இனி விறகு எதற்கு என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 2022ஐ மறந்துவிட்டீர்களா? சிலிண்டர் விலை ஐயாயிரத்தை நெருங்கியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பில் மாடி வீட்டுக்காரர்களே விறகு தேடினார்கள். அதற்கு முதல் வருடம், 2021 நவம்பர், டிசெம்பரில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடித்தது. ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருக்கிற புரொப்பேன், பியூட்டேன் கலவையின் அளவு மாறியதைக் காரணமாகச் சொன்னது. கலவை உங்கள் கையில் இல்லை. சிலிண்டர் நிற்கிற இடம் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடம் வையுங்கள், ஆனால் ஒரே இடத்தில் வையாதீர்கள். காஸ் உள்ளே, விறகு பின்பக்கம் சாய்ப்புக்குள் என்று பிரித்தால் நல்லது. மிச்சமிருக்கிற 1,350 சதுர அடி இதற்குத்தான். மேட்டுப் பக்கம் மண் வெட்டிய கரையோடு ஒட்டிச் சாய்ப்பு இறக்காதீர்கள், மழைக்கு மண் வரும்.

காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையில் பரவிக் கிடக்கும். உயரத்தில் ஜன்னல் இருந்து பிரயோசனமில்லை. தரையோடு ஒரு துவாரம் வேண்டும், வலை அடித்து விடுங்கள், எலி வரும். சிலிண்டரை முடிந்தால் சுவருக்கு வெளியே, நிமிர்த்தி, காற்றோட்டமான கூட்டுக்குள் வையுங்கள். பள்ளத்திலும் கான் பக்கத்திலும் வேண்டாம். குழாயில் திகதி அடித்திருக்கும், பாருங்கள். மணந்தால் லைட் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. சீனி, தேயிலைப் பேணி அடுப்புக்கு மேல் தட்டில் வேண்டாம், எட்டி எடுக்கும்போது சேலை பற்றும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளை குடித்துவிடும். பிளக் பொயின்ற் தண்ணீருக்குப் பக்கத்தில் வேண்டாம், ட்ரிப் சுவிச் கட்டாயம். கரண்ட் இல்லாத இடங்களில் குப்பி லாம்பு பாவிப்பவர்களுக்கு, டொக்டர் விஜய கொடகும்புர செய்த விளக்கைச் சொல்லலாம். சத்திரசிகிச்சை நிபுணர். சரிந்த லாம்பால் எரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் செய்தது: குட்டையான, பாரமான கண்ணாடி, இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

சங்கத் தலைவர்மாரும் வந்திருக்கிறீர்கள். சாவி கொடுக்கிற விழாவுக்கு மாலை போட்டுக்கொண்டு போவது நல்லது. அதற்கு முதல், கயிறு பிடிக்கிற நாளில் ஒருக்கா போங்கள். வரைபடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புகைக்கூடு எங்கே என்று கேளுங்கள். வீட்டுப் பெண்கள் வரும்வரைக்கும் மண்வெட்டி விழக் கூடாது என்று சொல்லுங்கள்.

என் மகளுக்குக் கல்யாணம் பேசி வீடு கட்டும்போது நான் படம் வரையவில்லை. அளவு நாடாவையும் சாம்பல் வாளியையும் கொடுத்தேன். தழும்புள்ள கையால் அவவே கோடு போட்டா. மேசன் பாஸ் கொஞ்சம் முறைத்தார், பிறகு கட்டினார். நீங்கள் இப்போது இருக்கிற வளவு அவவுடையதுதான். உள்ளே போய்க் குசினியையும் பாருங்கள், அவ குறை நிறை இரண்டும் சொல்லுவா.

முற்றத்தில் இரண்டு வாளி சாம்பல் வைத்திருக்கிறேன். வெறும் பானைகளும் இருக்கின்றன. படம் கையில் உள்ளவர்கள் முதலில் வாருங்கள், வெயில் சாய முதல் நாலைந்து குசினியாவது போட்டுப் பார்க்கலாம். ஆம்பிளைகளும் எழும்புங்கள், குறுக்கே நடப்பதற்கு ஆட்கள் வேண்டும்.